ரோம் முதல் மால்ட்டா வரை, அவசரமின்றி

பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் தேறிவரும் ஒருவர் மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளுள் பயணம் பற்றியதும் ஒன்று. வேலைக்குத் திரும்பலாமா, மாடிப்படி ஏறலாமா என்றெல்லாம் கேட்கிறோம். வெளிநாடு சென்று ஊர் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்க நாணுகிறோம். நோயாளிக்கு எதற்கு இந்த ஆசை என்று பிறர் எண்ணுவரோ என்னும் கூச்சமே அதற்குக் காரணம்.

பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர் என் கணவர் அக்கேள்வியைக் கேட்டார். அவருக்கு வயது 64. நீரிழிவும் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் எடுத்துப் பார்த்த மருத்துவர் மறுப்பேதும் சொல்லவில்லை. “ஊர்களைக் குறையுங்கள், நாள்களைக் கூட்டுங்கள்” என்று மட்டும் கூறினார். பத்து நாளில் ஏழு நகரங்களைக் காட்டும் சுற்றுலாத் திட்டங்களை அன்றே ஒதுக்கிவிட்டோம். செப்டம்பர் நடுவில் புறப்பட்டு, 24 நாள்களில் ஐந்தே இடங்களில் தங்கினோம்: ரோம், இத்தாலியின் தென்மேற்குக் கரையிலுள்ள பியோப்பி என்னும் மீனவச் சிற்றூர், சிசிலித் தீவின் பலேர்மோ, சிராகுசா, இறுதியாக மால்ட்டாத் தீவின் வல்லெட்டா. இவ்வழியில் செல்ல விரும்பும் நோயாளிகளுக்கும், அவர்களுடன் செல்வோருக்கும் பயன்படக்கூடியவற்றை எழுதுகிறேன்.

ஆயத்தத்தில் விசாவைவிடக் காப்பீட்டுக்கே அதிகக் கவனம் தேவைப்பட்டது. இத்தாலிக்கும் மால்ட்டாவுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் மலிவான காப்பீடுகள் பலவும் ஏற்கெனவே உள்ள நோயை விலக்கிவைக்கின்றன. இதய நோயாளி ஒருவருக்கு இதய நோயை விலக்கிய காப்பீட்டால் என்ன பயன்? சிறிய எழுத்துகளை வரிவரியாகப் படித்த பின்னரே பணம் கட்டினோம். மருந்துச் சீட்டில் வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்துகளின் மூலப்பெயர்களை எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர் வணிகப் பெயர்கள் அங்குள்ள மருந்தாளுநருக்குப் புரியாது. மருந்துகளைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்வது நல்லது. சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டி தொலைந்தால் மருந்தும் தொலையும். இன்சுலினாயின், அங்குள்ள குளிரில் உறைந்து கெடவும் கூடும். கோடைக்கால நேரப்படி இத்தாலி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், பயண நாளின் இன்சுலின் அளவையும் வேளையையும் மருத்துவரே ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார்.

ரோமில் ஆறு நாள்கள். நாளுக்கு ஓரிடம் என்பதே எங்கள் கணக்கு. பழைய தெருக்களில் பாவியுள்ள சிறு கருங்கற்கள் கால் தளர்ந்தோர்க்கும் சக்கர நாற்காலிக்கும் உகந்தவையல்ல. தடித்த அடிப்புறமுள்ள காலணி இன்றியமையாதது. ஆயினும் தண்ணீருக்குக் கவலை இல்லை. மூக்குப் போல் வளைந்த குழாயுடன் இரும்புத் தூண்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் நகரெங்கும் நிற்கின்றன. அவற்றில் குடிநீர் இடைவிடாது ஓடுகிறது. குழாய்முனையை விரலால் அடைத்தால் மேலுள்ள துளை வழியே நீர் பீச்சியெழும், குனியாமலே குடிக்கலாம். முதுகுவலிக்காரர்களை நினைத்துத்தான் செய்தார்களோ என்று தோன்றியது.

கொலோசியத்தைப் பற்றி எழுதுவோர் பலர் இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். மருத்துவமனைச் செய்திமடல் படிப்போர் ரோமில் காண வேண்டிய இடம் வேறொன்று உண்டு. டைபர் ஆற்றின் நடுவே, கப்பல் வடிவில், ஏறத்தாழ 270 மீட்டர் நீளமுள்ள ஒரு தீவு. கி.மு. 293-இல் ரோமைக் கொள்ளைநோய் தாக்கியபோது, மருத்துவக் கடவுளாகிய அஸ்கிளிப்பியசை அழைத்துவரக் கிரேக்க நாட்டுக்குத் தூதர் சென்றனர் என்பதும், அவர்களுடன் கப்பலில் வந்த பாம்பு இத்தீவில் இறங்கி மறைந்தது என்பதும் பழங்கதை. பாம்பு இறங்கிய இடத்தில் கோயில் எழுந்தது. 1585-ஆம் ஆண்டில் அதே தீவில் துறவியர் நிறுவிய மருத்துவமனை இன்றும் நடைபெறுகிறது.

1943 அக்டோபர் 16-ஆம் நாள், ஆற்றின் மறுகரையிலிருந்த யூதர் குடியிருப்பை நாஜிகள் சூழ்ந்தனர். தப்பியோடி வந்தவர்களை மருத்துவமனை சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கென்றே மருத்துவர்கள் ஒரு நோயைப் புதிதாய்ப் படைத்தனர். ‘கே நோய்’ என்று பெயரிட்டு, கடுமையாய்த் தொற்றக்கூடியது என அறிவித்தனர். சோதனைக்கு வந்த படைவீரர்கள் அவ்வறைக்குள் நுழைய அஞ்சித் திரும்பினர். பல உயிர்கள் பிழைத்தன. அங்கு பணியாற்றிய ஜோவான்னி பொரோமேயோ என்னும் மருத்துவருக்கு இஸ்ரேலின் யாத் வாஷேம் நிறுவனம் 2004-இல் உரிய சிறப்புச் செய்தது. பொய்யான நோய்ச்சீட்டைக் குறித்து மருத்துவத்துறை பெருமைப்படும் இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும். என் கணவர் ஆற்றோரப் பலகையில் அமர்ந்து, அவ்வாயிலில் ஆம்புலன்ஸ்கள் வந்துபோவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோமிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சலெர்னோவை அடைந்து, அங்கிருந்து வாடகைக் காரில் பியோப்பிக்குச் சென்றோம். இத்தாலிய ரயில் நிலையங்களில் நடக்க இயலாதோர்க்கு உதவ ‘சாலா ப்ளூ’ என்னும் சேவை உண்டு. முன்கூட்டியே சொல்லிவைத்தால் சக்கர நாற்காலியும், ரயிலில் ஏற்றிவிடும் தூக்கியும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

பியோப்பியைச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் அறியார். இதய நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும். உணவிலுள்ள கொழுப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஏழு நாடுகளில் ஆராயும் பெருமுயற்சியை 1958-இல் தொடங்கிய அமெரிக்க அறிவியலர் ஆன்செல் கீஸ், பல்லாண்டுகள் வாழ்ந்த ஊர் இது. அவர் முடிவுகளைக் குறைகண்டோரும் உண்டு. ஆனால் தாம் பரிந்துரைத்ததைத் தாமும் உண்டு, 2004-இல் தமது நூறாவது வயதில் மறைந்தார். மத்தியதரைக்கடல் உணவுமுறை 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றபோது, இத்தாலியின் சார்பில் முன்னிறுத்தப்பட்டது பியோப்பி அமைந்துள்ள சிலெந்தோ வட்டாரமே.

அவ்வுணவு என்னவென்பதை இங்குதான் உணர்ந்தோம். பெருநகர உணவகங்களில் பாலேடும் பாலாடைக்கட்டியும் வழிய வரும் தட்டுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேகவைத்த கொண்டைக்கடலையில் சிறிதளவு பாஸ்தா, பூண்டு, ஆலிவ் எண்ணெய். நம் சுண்டலுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். வதக்கிய கீரை, மொச்சை, நெத்திலி போன்ற சிறுமீன், அத்திப்பழம். இறைச்சி அரிதாகவே வந்தது. கீரையைக் குறித்து ஓர் எச்சரிக்கை: இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர், வழக்கத்துக்கு மாறாகத் திடீரெனக் கீரையைக் கூட்டினால் மருந்தின் ஆற்றல் குறையும். உப்பு வேண்டாமென்றால் ‘சென்ஸா சாலே’ என்று சொன்னால் போதும். நீரிழிவு உள்ள ஆண் ‘சோனோ தியாபெத்திகோ’ என்றும், பெண் ‘சோனோ தியாபெத்திகா’ என்றும் சொல்ல வேண்டும். முகஞ்சுளிக்காமல் மாற்றித் தருவார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தென்னித்தாலியில் இரவு உணவகங்கள் ஏழரை, எட்டு மணிக்கே திறக்கின்றன. கேட்ட உணவு வரவும் நேரமாகும். வரும் வரும் என்று நம்பி ஊசியை முன்னதாகப் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும் இடர் உண்டு. ஆகவே தட்டு மேசைக்கு வந்த பின்னரே இன்சுலின் என்று எங்கள் மருத்துவர் வகுத்திருந்தார். அவரவர் போடும் இன்சுலின் வகைக்கேற்ப இது மாறும், கேட்டறிய வேண்டும்.

இங்கு ஏழு நாள்கள் இருந்தோம். நண்பகல் ஒரு மணிக்குக் கடைகள் அடைபட்டு, ஊர் முழுவதும் உறங்கச் செல்லும்; மாலையில் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரும் கடற்கரைச் சாலையில் உலவ வருவார்கள். நம் ஊரில் இருக்கையில் பகலில் படுப்பதையும் மெல்ல நடப்பதையும் நோயின் அடையாளமாகவே எண்ணி என் கணவர் மனம் நொந்ததுண்டு. பியோப்பியில் எல்லோருமே பகலில் படுத்தார்கள். எல்லோருமே மெல்ல நடந்தார்கள்.

அண்டையிலிருந்த சில தீவுகளுக்கு வேண்டுமென்றே செல்லவில்லை. காப்ரியின் அழகு உலகறிந்தது. அதன் படிக்கட்டுகளும் அவ்வாறே. இஸ்கியாவில் வெந்நீர் ஊற்றுகள் சிறப்பு. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் சுடுநீர்த் தொட்டிகளில் இறங்கலாகாது.

நேப்பிள்ஸிலிருந்து பலேர்மோவுக்கு இரவுக் கப்பல். ரயிலிலும் செல்லலாம், மெஸ்ஸீனா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்துவார்கள் என்பதால் அதுவும் பார்க்கத்தக்கதே. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்திருக்க வேண்டும். கப்பலில் தனியறை எடுத்தால் கால் நீட்டிப் படுத்து, காலையில் சிசிலியில் கண்விழிக்கலாம்.

பலேர்மோவின் அபத்தெல்லிஸ் மாளிகையில் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரமும் அகலமும் உள்ள சுவரோவியம் ஒன்று உள்ளது: ‘சாவின் வெற்றி’. 15-ஆம் நூற்றாண்டில், அப்போது மருத்துவமனையாய் இருந்த ஸ்கிளாஃபானி மாளிகையின் முற்றத்தில் தீட்டப்பட்டது. எலும்பும் தோலுமான குதிரையில் எலும்புக்கூடாகிய சாவு பாய்ந்து வருகிறது. அதன் அம்புகள் பட்டாடை அணிந்த இளையோர்மீதும் செல்வர்மீதும் பாய்கின்றன. ஓரத்தில் கைகூப்பிச் சாவை வேண்டி நிற்கும் ஏழைகளையும் நோயாளிகளையும் அது தாண்டிச் செல்கிறது. நோயாளிகள் நாள்தோறும் காணும் முற்றத்தில் இப்படி ஓர் ஓவியமா என்று எனக்கு முதலில் வெறுப்பே தோன்றியது. என் கணவர் வேறுவிதமாய்ப் பார்த்தார். “படுத்திருந்தவர்களை அது விட்டுவிட்டுப் போகிறது, கவனித்தாயா?” என்றார்.

சிராகுசாவில் இரண்டு இரவுகள் மட்டுமே. கிரேக்கர் கட்டிய அத்தீனா கோயிலின் தூண்களைச் சுவருக்குள் வைத்தே எழுப்பிய தேவாலயமும், கடலுக்கு ஓரடி தள்ளி நன்னீர் சுரக்கும் அரெத்தூசா ஊற்றும் அடுத்தடுத்து உள்ளன; அலைச்சல் இல்லை. அருகிலுள்ள பொத்ஸால்லோத் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகு இரண்டு மணி நேரத்துக்குள் மால்ட்டாவை அடைகிறது. இலையுதிர்காலத்தில் அலை சற்று மிகும். குமட்டலுக்கான மாத்திரை மற்ற மருந்துகளுடன் ஒத்துப்போகுமா என்று முன்பே கேட்டுவைத்திருந்தது உதவியது.

மால்ட்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழிகளுள் ஒன்று. மூன்று வாரம் சைகையால் பேசியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அவசர எண் 112. இத்தாலியில் பச்சைச் சிலுவை ஒளிரும் மருந்துக்கடைகள் பலவற்றில் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். எங்களுக்கு அழுத்தம் பார்க்க மட்டுமே அவை தேவைப்பட்டன.

வல்லெட்டா மேடும் படியுமான நகரம். துறைமுகத்திலிருந்து மேல்நகருக்கு 58 மீட்டர் உயரமுள்ள மின்தூக்கி 2012 முதல் இயங்குவதால் தப்பித்தோம். புனித யோவான் வீரத்துறவியர் 1574-இல் இங்கு கட்டத் தொடங்கிய மருத்துவமனையின் பெருங்கூடம் 155 மீட்டர் நீளமுடையது. இன்று அது மாநாட்டு அரங்கம். நோயாளிகளைத் ‘எம் ஆண்டவர்கள்’ என்று அழைப்பது அவ்வமைப்பின் மரபு. வெள்ளித் தட்டுகளிலும் கிண்ணங்களிலும் உணவு பரிமாறினர். 1798-இல் நெப்போலியனின் படை வந்து அவ்வெள்ளியை அள்ளிச் சென்றது. கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து கடந்த என் கணவர், “வெள்ளிக் கிண்ணத்தில் கஞ்சி குடித்தவன் வீட்டுக்குப் போக விரும்பியிருப்பானா?” என்று கேட்டுச் சிரித்தார்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை, “கோசோத் தீவுக்கு நீ மட்டும் போய் வா. நான் அறையில் இருந்துகொள்கிறேன்” என்றார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரை நாள் முழுதும் தனியே விட்டுச் சென்றதில்லை. மறுத்துப் பார்த்தேன், அவர் மருந்துப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, விடுதிப் பணியாளரின் எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டார். கோசோவுக்குப் படகில் ஏறத்தாழ 25 நிமிடம். எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முற்பட்ட ஜ்கந்தியாக் கற்கோயில்களைச் சுற்றிப் பார்த்தேன். பின்னர் ஒரு சதுக்கத்தில் அமர்ந்து, கடிகாரத்தைப் பாராமல், இரண்டு கோப்பைத் தேநீர் அருந்தினேன். மாலைப் படகில் திரும்பியபோது அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை அளவு, ஊசி, மாத்திரை என மூன்றையும் நேரம் குறித்துத் தாளில் எழுதியிருந்தார். இரவுக்கென்று தெருமுனைக் கடையில் ரொட்டியும் வாங்கி வைத்திருந்தார்.