திரைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

சங்க நாடகத்தில் நடிக்கக் கூப்பிட்டால், "தமிழ் சரியா வராது மாமா" என்று ஒதுங்கினாள் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி. மேடையோரம் டிம்மர் போர்டின் முன் உட்கார வைத்தேன்.

முதல் பாடம் கணக்கு. 1000 வாட் விளக்கு 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் இணைப்பில் மூன்றுதான். நான்காவது போட்டால் 17-ஐத் தாண்டும், வயர் சூடாகும்.

1959-இல் இதே கொல்கத்தாவின் மினர்வா அரங்கில், உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்துக்காகச் சுரங்கத்தில் வெள்ளம் புகுவதை ஒளியமைப்பால் காட்டிய தாபஸ் சென்னைப் பற்றியும் சொன்னேன்.

எந்த வசனத்துக்கு எந்த விளக்கு? அதற்காகவே நாடகம் முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அரங்கேற்றத்தன்று கதாநாயகன் வசனம் மறந்தபோது, இருட்டிலிருந்து அடியெடுத்துக் கொடுத்தவள் அவள்தான்!

பெற்றோர்களே, மேடையேறத் தயங்கும் பிள்ளைகளை மேடைக்குப் பின்னாலாவது அனுப்புங்கள்.