நடுவில் நின்ற வீரர்

அமெரிக்கர்கள் ‘புட்பால்’ என்று அழைக்கும் ஆட்டம் நம் ஊர்களில் ஆடப்படும் கால்பந்தாட்டம் அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி, எதிர் அணியைப் பிளந்துகொண்டு ஓடுவதே அதன் முக்கிய அம்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுக் கலாசாலை மாணவர்கள் அதனை ஏறக்குறைய யுத்தமாகவே நடத்தி வந்தனர். எலும்பு முறிவது சர்வ சாதாரணம். அந்த யுத்தத்தில் நடு இடத்தைக் காத்துப் பெயர் பெற்ற வில்லியம் ஹென்றி லூயிஸ் என்பாரின் வரலாற்றை நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

லூயிஸ் 1868-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாகாணத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பர்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை, வடக்கே மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஆம்ஹர்ஸ்ட் கலாசாலையில் சேர்ந்து, 1891-இல் அதன் பந்தாட்ட அணிக்குத் தலைவரானார். மறு ஆண்டு பட்டம் பெற்று, சட்டம் பயில ஹார்வர்ட் சர்வகலாசாலைக்குச் சென்றார், அங்கும் ஆடினார்.

நடு ஆட்டக்காரரின் வேலை கடினமானது. பந்தைப் பின்னுக்குத் தந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் அவரே. எதிரிகளின் முதல் மோதலைத் தாங்குபவரும் அவரே. ஆகையால் மலை போன்ற சரீரம் உடையவர்களை அவ்விடத்தில் நிறுத்துவது வழக்கம். லூயிஸின் எடையோ சுமார் 175 பவுண்டுதான். உடற்பாரத்தில் இருந்த குறையை அவர் வேகத்தாலும் யுக்தியாலும் ஈடு செய்தார். 1892, 1893 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசத்தின் தலைசிறந்த பதினொரு கலாசாலை ஆட்டக்காரருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பர் எவருக்கும் அதற்கு முன் கிட்டாத கௌரவம் அது.

ஆனால் மைதானத்துக் கரகோஷம் வீதி வரையில் வரவில்லை. ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரிலேயே க்ஷவரக் கடையொன்றில் அவருக்கு முடி வெட்ட மறுத்தார்கள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவர் வாளா இருக்கவில்லை. சட்டசபையை அணுகி வாதாடினார். அத்தகைய கடைகளில் நிறம் பற்றி ஒருவரை விலக்குவது குற்றம் என்று 1893-இல் மாகாணச் சட்டம் திருத்தப்பட்டது.

1895 முதல் 1906 வரை, வக்கீல் தொழிலுக்கிடையே, லூயிஸ் ஹார்வர்ட் அணிக்குப் பயிற்சி ஆசானாக விளங்கினார். செல்வக் குடும்பத்து வெள்ளை இளைஞர்கள் அடிமைகளின் மகனிடம் பாடம் கேட்டார்கள். 1896-இல் அவர் வெளியிட்ட பாலபாட நூல், பந்தைப் பிடிப்பது, உதைப்பது, எதிரியைத் தடுப்பது முதலியவற்றைப் படிப்படியாக விளக்கியது. அந்த ஆட்டத்தைப் பற்றி எழுந்த ஆரம்ப நூல்களுள் அதுவும் ஒன்று.

1911-இல், ஜனாதிபதி டாப்ட் நியமித்தபடி, அவர் உதவி அட்டர்னி ஜெனரல் ஆனார். அதே ஆண்டில் அமெரிக்க வக்கீல் சங்கம் அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. பிறகு அவர் கறுப்பர் என்பதை அறிந்து விலக்க முனைந்தது. லூயிஸ் ராஜினாமா செய்ய மறுத்தார். அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாம் அவருக்காகப் பரிந்து அங்கத்தினர்களுக்குக் கடிதம் எழுதினார். 1912-இல் சங்கம் ஒரு சமரசம் செய்தது: லூயிஸும் வேறு இரு கறுப்பு வக்கீல்களும் நீடிக்கலாம், இனி விண்ணப்பிப்போர் தம் இனத்தைத் தெரிவித்தாக வேண்டும். அவர் தம் இடத்தைக் காத்துக்கொண்டார். பின்னே வருவோருக்குக் கதவு சாத்தப்பட்டது. 1943-இல்தான் இனம் ஒரு தடையாகாது என்று அச்சங்கம் தீர்மானித்தது. 1949-இல் காலமான லூயிஸ் அந்நாளையும் கண்டுவிட்டே சென்றார்.

கலாசாலைப் பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2009-இல். விளையாட்டுத் திறமை ஒருவருக்குப் புகழைத் தரலாம். உரிமையைத் தானாகத் தந்துவிடுவதில்லை. அதற்கு மைதானத்துக்கு வெளியிலும் ஒருவர் இடம் பெயராமல் நிற்க வேண்டியிருக்கிறது. லூயிஸ் நின்றார்.