நடுவரின் விரல் – 7: தவறு செய்ய மூன்று வாய்ப்புகள்

கிரிக்கெட்டில் தொழில்நுட்பம் புகுந்த வரலாறு பெரும்பாலும் கேமராக்களின் வரலாறாகவும் கணினிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டுவருகிறது. 2008ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இலங்கை மண்ணில் இந்திய அணி ஆடிய மூன்று டெஸ்ட் போட்டிகளைக் கூர்ந்து நோக்கினால், அந்த வரலாற்றில் ஒரு பாதி விடுபட்டிருப்பது புலப்படும். நடுவர் தீர்ப்பு மறுபரிசீலனை முறை, அதாவது இன்று டிஆர்எஸ் என்ற சுருக்கப் பெயரால் அனைவரும் அறிந்த ஏற்பாடு, ஒரு டெஸ்ட் தொடரில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது அந்தச் சுற்றுப்பயணத்தில்தான். அங்கே கருவிகள் எவ்வளவு சோதனைக்கு உள்ளாயினவோ அதைவிடக் கூடுதலாகவே ஆட்டக்காரர்களின் நிதானமும் சோதனைக்கு உள்ளானது.

இதை விளங்கிக்கொள்ள, மூன்றாவது நடுவருக்கும் மறுபரிசீலனைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பிரித்தறிய வேண்டும். மைதானத்துக்கு வெளியே தொலைக்காட்சித் திரையின் முன் அமர்ந்திருக்கும் மூன்றாவது நடுவர் 1992 நவம்பரிலேயே வந்துவிட்டார். தென்னாப்பிரிக்கா சென்ற இந்திய அணி டர்பனில் ஆடிய டெஸ்டில், ஜான்டி ரோட்ஸ் எறிந்த பந்தால் ரன் அவுட் ஆன சச்சின் டெண்டுல்கரே மூன்றாவது நடுவரின் தீர்ப்பால் ஆட்டமிழந்த முதல் ஆட்டக்காரர். ஆயினும் அந்த ஏற்பாட்டில் கேள்வி கேட்கும் உரிமை களநடுவரிடமே இருந்தது. ஐயம் எழுந்தால் அவர் கேட்பார், எழாவிட்டால் அவர் சொன்னதே முடிவு. 2008இல் மாறியது இந்த உரிமைதான். களநடுவருக்குத் துளியும் ஐயம் இல்லாதபோதுகூட, தீர்ப்பால் பாதிக்கப்பட்ட பேட்ஸ்மேனோ களத்தடுப்பு அணியின் தலைவரோ இரு கைகளாலும் ஆங்கில ‘டி’ எழுத்தைக் காட்டி அந்தத் தீர்ப்பை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்றானது.

நடுவரின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்ற நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மரபைத் தளர்த்தும் துணிவு சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுக்கு வந்ததற்கு, அவ்வாண்டின் தொடக்கத்தில் சிட்னியில் நிகழ்ந்தவையும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த டெஸ்டில், 30 ரன்களில் இருந்த ஆண்ட்ரூ சைமண்ட்ஸின் மட்டையில் உரசிச் சென்ற பந்தைக் கீப்பர் பிடித்தும், நடுவர் ஸ்டீவ் பக்னர் அவுட் கொடுக்கவில்லை. சைமண்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 162 ரன்கள் எடுத்தார். பந்து மட்டையில் பட்டதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். 122 ரன்களில் தோற்ற இந்திய அணியின் தரப்பிலிருந்து எழுந்த கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து, அடுத்த டெஸ்டுக்கான நடுவர் பொறுப்பிலிருந்து பக்னர் விலக்கப்பட்டார். அந்த அணியின் தலைவர் அனில் கும்ப்ளே. ஆறரை மாதங்கள் கழிந்து, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கை அணித்தலைவர் மஹேல ஜயவர்தனவுடன் நாணயச் சுண்டலுக்குச் சென்றவரும் அவரே.

சோதனையின் விதிகள்

ஒவ்வோர் அணிக்கும் ஓர் இன்னிங்ஸில் மூன்று முறை தோற்க வாய்ப்பு அளிக்கப்பட்டது. மறுபரிசீலனை வெற்றி பெற்றால் கணக்கில் குறையாது. தோற்றால் ஒன்று கழியும். மூன்றும் கழிந்தபின் எவ்வளவு பெரிய பிழை நேர்ந்தாலும் வாய்மூடி இருக்க வேண்டியதுதான். மூன்றாவது நடுவரிடம் மெதுவாக ஓட்டப்படும் மறுகாட்சிகளும், ஸ்டம்புக்கு அருகிலுள்ள ஒலிவாங்கியின் ஒலியும், பந்தின் பாதையைக் காட்டும் கணினிப் படமும் இருந்தன. மட்டையோ காலுறையோ பந்தோடு உரசிய இடத்தை வெப்பத்தின் மூலம் வெண்புள்ளியாகக் காட்டும் ஹாட்ஸ்பாட் அத்தொடரில் இல்லை.

பந்தின் பாதை குறித்து விதித்திருந்த ஒரு கட்டுப்பாடு இங்கே தனிக் கவனத்துக்கு உரியது. பேட்ஸ்மேனின் காலில் பட்ட பந்து, கால் குறுக்கே இல்லாதிருந்தால் ஸ்டம்பைத் தாக்கியிருக்கும் என்று நடுவர் கருதும்போது கொடுக்கும் அவுட்டே எல்.பி.டபிள்யூ. இத்தீர்ப்பில் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன: பந்து எங்கே குத்தியது, காலில் எந்த நேர்கோட்டில் பட்டது, பட்டிராவிட்டால் எங்கே போயிருக்கும். முதல் இரண்டும் நடந்தவை, மூன்றாவது நடக்காதது. 2008ஆம் ஆண்டுச் சோதனையில் நடந்தவற்றைக் காட்ட மட்டுமே கணினி அனுமதிக்கப்பட்டது. பந்து காலில் பட்ட இடத்தோடு படம் நின்றுவிடும், அதற்கு அப்பால் ஊகிப்பது மனிதரின் வேலையாகவே விடப்பட்டது. பின்னாளில் இந்தியத் தரப்பு டிஆர்எஸ் மீது வைத்த முதன்மையான குற்றச்சாட்டு இந்த ஊகப் பாதையைப் பற்றியது என்பதை நினைவில் இருத்திக்கொண்டு அத்தொடரின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பதினொன்றும் ஒன்றும்

எஸ்.எஸ்.சி. மைதானத்தில் முதல் இன்னிங்ஸின்போதே புதிய முறை தன் இயல்பைக் காட்டிவிட்டது. ரன் கணக்கைத் தொடங்கியிருந்த நிலையில், கீப்பரிடம் பிடி கொடுத்ததாக திலகரத்ன டில்ஷானுக்கு நடுவர் மார்க் பென்சன் விரல் உயர்த்தினார். முன்பானால் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலையாட்டியபடி வெளியேறியிருக்க வேண்டிய டில்ஷான், தீர்ப்பை மறுபரிசீலனைக்கு அனுப்பினார், தீர்ப்பு மாறியது, அவர் ஆட்டமிழக்காமல் 125 ரன்கள் எடுத்தார். இலங்கை 6 விக்கெட்டுக்கு 600 ரன்களில் ஆட்டத்தை முடித்துக்கொண்டது. இந்தியாவின் இரண்டாம் இன்னிங்ஸில் முத்தையா முரளிதரன் கேட்ட எல்.பி.டபிள்யூ.வுக்குக் களநடுவர் இசையாதபோது ஜயவர்தன மறுபரிசீலனை கேட்டார். மறுகாட்சிகளுக்குப் பின் வீரேந்திர சேவாக் வெளியேற நேர்ந்தது. மறுபரிசீலனையால் டெஸ்டில் ஆட்டமிழந்த முதல் ஆட்டக்காரர் அவர். இந்தியா 223, 138 ரன்களுக்குச் சுருண்டு, இன்னிங்ஸ் மற்றும் 239 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது.

மூன்று டெஸ்டுகளும் முடிந்தபோது, இலங்கை அணி கேட்ட மறுபரிசீலனைகளில் பதினொன்று அதற்குச் சாதகமாக அமைந்திருந்தன. இந்தியாவுக்கு அமைந்தது ஒன்றே ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வைக் கருவியின் மீது சுமத்த வழியில்லை, ஏனெனில் இரு அணிகளுக்கும் கருவி ஒன்றுதான், நடுவர்களும் அவர்களேதான். காரணத்தை 22 கஜ ஆடுகளத்திலேயே தேட வேண்டும்.

முதற்காரணம் அஜந்த மெண்டிஸ். நடுவிரலையும் கட்டைவிரலையும் கொண்டு, கேரம் பலகையில் காயைச் சுண்டுவதுபோல் பந்தைச் சுண்டிவிட்ட இந்த அறிமுகப் பந்துவீச்சாளர், அத்தொடரில் 26 விக்கெட்டுகளை வீழ்த்தி, மூன்று டெஸ்ட் கொண்ட அறிமுகத் தொடரில் 1946இல் இங்கிலாந்தின் அலெக் பெட்சர் இந்தியாவுக்கு எதிராக எடுத்த 24 விக்கெட்டுகள் என்ற சாதனையை முறியடித்தார். முரளிதரனின் 21 விக்கெட்டுகளையும் சேர்த்தால் இருவருமாக 47. டிராவிட், டெண்டுல்கர், கங்குலி, லட்சுமண் ஆகிய நால்வரில் ஒருவர்கூட அத்தொடரில் சதம் அடிக்கவில்லை. பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கைவிரலைப் பார்த்துக் கணிக்க இயலாத பேட்ஸ்மேனுக்கு, காலில் பட்ட பந்து எங்கே போயிருக்கும் என்பதும் தெரியாது. அந்நிலையில் அவர் கேட்கும் மறுபரிசீலனை கணிப்பாக இராமல் நப்பாசையாகவே முடியும்.

இரண்டாம் காரணம் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர்கள். எல்.பி.டபிள்யூ. பந்தை நடுவருக்கு நேர் எதிரே, அதே கோட்டில் நின்று பார்ப்பவர் விக்கெட் கீப்பர். அணித்தலைவர் மறுபரிசீலனைக்கு முன் முதலில் திரும்பிப் பார்ப்பதும் அவர் முகத்தைத்தான். மகேந்திர சிங் தோனி ஓய்வு கேட்டு அத்தொடரிலிருந்து விலகியிருந்ததால், முதல் இரண்டு டெஸ்டுகளில் தமிழ்நாட்டின் தினேஷ் கார்த்திக்கும் மூன்றாவதில் பார்த்திவ் படேலும் கீப்பர்களாக நின்றனர். இலங்கைக்கோ பிரசன்ன ஜயவர்தன தொடர் முழுவதும் முரளிதரனுக்கும் மெண்டிஸுக்கும் பின்னால் நின்றார்.

காலேயில் நடந்த இரண்டாவது டெஸ்ட், மறுபரிசீலனை மட்டுமே தொடரைத் தீர்மானித்தது என்ற முடிவுக்கு வரவிடாமல் தடுக்கிறது. அங்கே அணியின் 329 ரன்களில் 201 ரன்களைத் தான் ஒருவராகவே எடுத்துக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்ற சேவாக்கின் ஆட்டத்தால் இந்தியா 170 ரன்களில் வென்றது. ஆனால் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை 8 விக்கெட்டில் வென்று தொடரை 2-1 எனக் கைப்பற்றியது.

எட்டு ஆண்டு மறுப்பு

2009 நவம்பரில், நியூசிலாந்தின் டனீடின் நகரில் பாகிஸ்தான் ஆடிய டெஸ்டோடு டிஆர்எஸ் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. தோற்கும் வாய்ப்புகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. இந்தியக் கிரிக்கெட் வாரியமோ இரு நாடுகளுக்கிடையேயான தொடர்களில் அதை ஏற்க மறுத்தது. முழுத் துல்லியம் இல்லாத கருவியை ஏற்க இயலாது என்பதும், பந்தின் ஊகப் பாதை நம்பத்தக்கது அன்று என்பதும் அது சொன்ன காரணங்கள். இவற்றில் இரண்டாவது பொருளற்றதும் அல்ல. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 39 மீட்டர் கடக்கிறது. விநாடிக்கு 75 படங்கள் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பந்து அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். குத்தி எழுந்த பந்து உடனே காலில் பட்டுவிட்டால், மீதிப் பாதையை வரையக் கணினிக்குக் கிடைப்பவை ஓரிரு புள்ளிகளே. விநாடிக்கு 340 படங்கள் என்றானால் அந்த இடைவெளி சுமார் 11 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது.

ஆயினும் 2008இல் இந்தியாவைக் காயப்படுத்தியது இந்த ஊகப் பாதை அன்று. அது அப்போது பயன்பாட்டிலேயே இல்லை. காயம் ஓரிடத்தில் இருக்க, மருந்து வேறோரிடத்தில் கேட்கப்பட்டது. 2011இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காகப் பந்தின் பாதையை முற்றிலும் நீக்கிய டிஆர்எஸ் நடைமுறைப்படுத்தப்பட்டபோது இது மேலும் தெளிவானது. எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் ராகுல் டிராவிட் மட்டை வீசியபோது ஓர் ஒலி எழுந்தது. ஜேம்ஸ் ஆண்டர்சனின் பந்து கீப்பரிடம் சென்றது. நடுவர் சைமன் டாஃபல் அவுட் கொடுத்தார். மட்டையில் பட்டதாகவே நம்பிய டிராவிட் மறுபரிசீலனை கேட்காமல் நடந்துவிட்டார். உண்மையில் மட்டை தட்டியது அவருடைய காலணிக் கயிற்றின் நுனியை. ஹாட்ஸ்பாட் அன்று களத்தில் இருந்தது. அதனிடம் கேட்கத்தான் எவரும் இல்லை.

எந்தக் கருவியும் கேட்கப்படாத கேள்விக்கு விடை தராது. கேட்பவர் தன் கண்ணையும் காதையும் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே மறுபரிசீலனையின் பயன் அமைகிறது என்ற பாடத்தை, முதல் சோதனையிலேயே இலங்கை கற்றுக்கொண்டது. அதே பாடத்தைக் கற்க மறுத்து இந்தியா எட்டு ஆண்டுகளை இழந்தது. 2016 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக ராஜ்கோட்டில் தொடங்கிய தொடரில், மேம்பட்ட கேமராக்களைக் காரணம் காட்டி, இந்தியா டிஆர்எஸ்ஸைச் சோதனை அடிப்படையில் ஏற்றுக்கொண்டது. கருவிகளை ஆராயும் பொறுப்பில் இருந்த சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் கிரிக்கெட் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்தவரும், அதே வேளையில் ராஜ்கோட்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரும் ஒருவரே: டர்பனில் ஆட்டக்காரராகவும், சிட்னியிலும் கொழும்பிலும் தலைவராகவும் இருந்த அனில் கும்ப்ளே.

(தொடரும்)

அடுத்த இதழில்: பாதிப் பந்து ஸ்டம்பில் பட்டால் யார் சொல் செல்லும்? ‘அம்பயர்ஸ் கால்’ என்னும் இடைவெளி.