காலையில் நடந்தவர் பதினோரு மணிக்கு உறைவதேன்?

ஏப்ரல் 11, உலகப் பார்க்கின்சன் நாள் நெருங்கினால் வாசகர் கடிதங்கள் கூடும். கையெழுத்துதான் வேறு, குமுறல் ஒன்று. காலையில் தானே எழுந்து காபி குடித்த அப்பா, பதினோரு மணிக்குக் குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டினாற்போல நின்றுவிடுகிறார். ஒரு மணி நேரம் கழித்து அவரே நடந்து வருகிறார். வீட்டில் யாராவது ஒருவர், ‘நடிக்கிறார்’ என்று சொல்லிவிடுகிறார்.

நடிப்பில்லை. மாத்திரையின் கடிகாரம்.

கையேடுகளில் இந்த நோயின் ஐந்து கட்டங்கள் படம் போட்டிருக்கும். 1967இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் (பெயரே அதுதான்) வகுத்த அளவுகோல் அது. உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கி சக்கர நாற்காலியில் முடியும். நடையையும் நிலையையும் நன்றாக அளக்கும். தூக்கம், மலச்சிக்கல், மறதி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நல்லபடியாகப் போகிறது என்பதெல்லாம் அதில் கிடையாது. குடும்பத்துக்கு வேண்டியதோ அந்தக் கடைசிக் கணக்குதான்.

அந்த மாத்திரையில் இருப்பது, மூளையில் டோபமினாக மாறும் லீவோடோபா. அது ரத்தத்தில் வெகுநேரம் தங்காது. துணை மருந்தான கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். பின் எப்படி ஆரம்பத்தில் நாளுக்கு மூன்று மாத்திரை போதுகிறது? மூளையில் மிஞ்சிய செல்கள் டோபமினைச் சேமித்துக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகின்றன. மாடியில் தொட்டி இருக்கும் வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு மணி நேரம் வந்தாலும் நாள் ஓடிவிடும். நோய் முற்ற முற்றத் தொட்டி சிறுத்துப்போகிறது. குழாயில் வரும்போது பிடித்தால்தான் உண்டு. மருந்து வேலை செய்யும் வேளையை ‘ஆன்’ என்றும், தீர்ந்துபோன வேளையை ‘ஆஃப்’ என்றும் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மருந்து உச்சத்தில் இருக்கையில் கைகால் தானாக நெளிவதும் உண்டு. அதை நடுக்கம் என்று எண்ணி இன்னொரு மாத்திரை கொடுத்தால் நெளிவு கூடும்.

சமையலறைக்கும் இதில் பங்குண்டு. லீவோடோபா ஓர் அமினோ அமிலம். பால், பருப்பு, முட்டை தரும் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளை வாசலிலும் அதே வழியில் முண்டியடிக்கின்றன. பாலோடு மாத்திரை விழுங்கவைக்கும் அக்கறை, மாத்திரையைக் கியூவில் நிறுத்திவிடுகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ, வெறும் தண்ணீரோடு கொடுப்பதே வழக்கம். பருப்பை நிறுத்த வேண்டாம். இரவுக்குத் தள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். நாட்டு மருந்துக் கடைப் பூனைக்காலி விதையில் இருப்பதும் லீவோடோபாதான். எவ்வளவு என்று தெரியாமல் மாத்திரைக்கு மேல் அதைச் சேர்ப்பது இரட்டை மருந்து.

இனி அரசுக் கணக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்க்கின்சனும் உண்டு. முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு அளந்த 40? மாத்திரை ஏறிய வேளையில் மருத்துவக் குழு முன் நடந்து காட்டியவரால், வீடு திரும்பியதும் வாசற்படி ஏற முடியாமல் போகலாம். ஒரு வாரம் மணிவாரியாக எழுதிய நோட்டும், ‘ஆஃப்’ நேரத்துக் கைபேசி வீடியோவும் கையில் இருக்கட்டும். மாத்திரை நேரத்தை மாற்றும் நரம்பியல் மருத்துவருக்கும் அவை உதவும்.

மற்றவை சுருக்கமாக.

எவ்வளவு காலம்? ஆளுக்கு ஆள் மாறும். குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984இல் கண்டறிந்தார்கள், 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு ஒலிம்பிக் தீபம் ஏற்றினார், 2016இல் இறந்தார்.

இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களாம்? நோயாலும் வரும், மருந்தாலும் வரும். திடீரென்று வந்தால் சிறுநீர்த் தொற்று உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

வாந்திக்கு? மெட்டோக்ளோப்ரமைடு ஆகாது, டோபமினைத் தடுக்கும்.

உறைந்து நிற்பவரை இழுக்கலாமா? கூடாது; தரையில் ஒரு கோடு காட்டித் தாண்டச் சொல்லலாம்.

சாப்பிடும்போது இருமல்? அலட்சியம் வேண்டாம்; உணவு மூச்சுக்குழாயில் இறங்கி வரும் நிமோனியா பலரின் உயிரைப் பறிக்கிறது.

ஆபரேஷன்? மூளையில் மின்முனை பொருத்தினால் ‘ஆஃப்’ நேரம் குறையும், மறதி குறையாது.

மருத்துவமனையில் சேர்த்தால்? மாத்திரை நேரப் பட்டியலை முதல் நாளே செவிலியரிடம் கொடுத்துவிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.