ரம் மாற்றியதும் கணினி இயங்கவில்லையா? பதறாமல் பார்க்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னுடைய மேசைக் கணினி இயங்க மறுத்தது. உள்ளே விசிறி சுழன்றது, முன்பக்க விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன்புதான் அதில் 8 ஜிபி ரம் ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருந்தேன்.

அந்தக் கணினியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 14 பேரின் ஒலிப்பதிவுகள் இருந்தன. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தின் பந்தலிலும், பிறகு அவர்களுடைய வீடுகளிலும் இருந்து பதிவுசெய்தவை. அவர்களில் இருவர் இன்று உயிருடன் இல்லை. மகனின் ஒரேயொரு படத்தை ஸ்கான் செய்வதற்காகத் தந்த அம்மா ஒருவர், "கவனமா வைச்சிருங்கோ பிள்ளை" என்று மட்டும் சொல்லியிருந்தார். அசல் படம் மழை ஈரத்தில் பழுதாகிவிட்டது. ஸ்கான் செய்த பிரதி என் கணினியில் மட்டும்தான் இருந்தது.

2022 நெருக்கடியில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியதன் பிறகு, புதுக் கணினி என்பது என்னைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் எட்டாத பொருளாகிவிட்டது. பழையதை வாங்கி, ரம் கூட்டி, இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதுதான் பலருடைய வழி. ஆகவே எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

முதலில் ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரம் என்பது வேலை செய்யும் மேசை. ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி என்பது அலுமாரி. மேசையில் விரித்திருப்பது மின்சாரம் நின்றதும் போய்விடும், அலுமாரியில் இருப்பது அப்படியே இருக்கும். ரம் பொருந்தாததால் கணினி இயங்கவில்லை என்றால் உங்கள் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. அன்று இது எனக்கு உறைக்கவில்லை. பதற்றத்தில் பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாண நகரில் கணினி திருத்தும் தம்பி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "அக்கா, முதல்ல வயரைக் கழட்டுங்கோ. பிறகு ஒவ்வொன்றாப் பாப்பம்" என்றார். அவர் சொல்லித்தந்த ஒழுங்கு இதுதான்.

மின் வயரைக் கழற்றியபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அமத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கணினிப் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்னே ஒரு சிப்பைப் பழுதாக்கப் போதும். லப்டொப் என்றால் பற்றரியையும் கழற்ற வேண்டும்.

அடுத்து, ரம்மைக் கழற்றித் திரும்பப் பொருத்துங்கள். புது ரம் போட்டபின் வரும் பிரச்சினைகளில் அதிகமானவை சரியாக அமராததால் வருபவை. மேசைக் கணினியில் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் பலமாக அழுத்த வேண்டும். 'டிக்' என்று கிளிப் தானாகப் பூட்டிக்கொள்ளும். பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்கு இருந்தால் பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை நன்றாகத் தட்டிவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? பழைய ரம்மை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு புதியதை மட்டும் போடுங்கள். ஸ்லொட்டையும் மாற்றிப் பாருங்கள். பழையது எல்லா ஸ்லொட்டிலும் வேலை செய்து, புதியது எதிலும் செய்யாவிட்டால் பிரச்சினை புதியதில். இரண்டும் தனித்தனியே வேலை செய்து, சேர்த்துப் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சில கணினிகள் பீப் ஒலி எழுப்பியும் சொல்லும். அதன் அர்த்தம் மதர்போர்டுக்கு மதர்போர்ட் மாறும். என்னுடையதில் அந்தச் சிறிய ஸ்பீக்கரே இருக்கவில்லை. புதிய டிடிஆர்5 கணினிகளில், ரம் மாற்றியபின் முதல் தடவை திரை வரச் சில நிமிடங்கள் எடுக்கலாம். அங்கே பொறுமைதான் மருந்து.

என் கணினியில் பழைய 4 ஜிபி ரம் மட்டும் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. புதியதைப் போட்டால் மீண்டும் கறுப்பு. லேபலைப் படம் எடுத்து அனுப்பினேன். தம்பி உடனே கண்டுபிடித்துவிட்டார். லேபலின் மூலையில் சிறிய எழுத்தில் 'ஏஎம்டி' என்று இருந்தது. டிடிஆர்3 ரம்களில் ஏஎம்டி கணினிகளுக்கென்றே மலிவாக விற்கப்படுபவை உண்டு. அவற்றின் சிப் அமைப்பை இன்டெல் மதர்போர்டுகள் வாசிக்காது. என்னுடையது இன்டெல். மலிவு என்று வாங்கியிருந்தேன். கடைக்காரர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை இன்னும் சில. டிடிஆர்3, டிடிஆர்4 ரம்களில் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்று மற்றதன் ஸ்லொட்டில் ஏறாது, பலவந்தமாக அழுத்தினால் ஸ்லொட் உடையும். லப்டொப்புகளில் 1.5 வோல்ட் டிடிஆர்3, 1.35 வோல்ட் டிடிஆர்3எல் என்று இரண்டு வகை உண்டு. டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் லப்டொப்பில் மற்றது இயங்காது. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டும் பயனில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பழைய ரம்மோடு இயங்கிய கணினி, விண்டோஸுக்குப் போகாமல், இயங்குவதற்கான டிஸ்க் இல்லை என்று திரையில் காட்டியது. 14 பேரின் குரல்களும் போய்விட்டன என்றே நினைத்தேன். "அக்கா, அழாதேங்கோ, சாட்டா வயரைப் பாருங்கோ" என்றார் தம்பி. ரம்மை அழுத்தும்போது என் கை பட்டு ஹார்ட் டிஸ்க்கின் வயர் ஒரு பக்கம் கழன்றிருந்தது. சொருகியதும் எல்லாம் வந்தது.

வயர் சரியாக இருந்தும் இதே செய்தி வந்தால் பயோஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். சிலர் திரை வராதபோது மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரியைச் சில நிமிடம் கழற்றிப் போடுவார்கள். அது நல்ல வழிதான். ஆனால் பயோஸ் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது, ஏஎச்சிஐயா ஐடிஈயா என்பவை மாறினால் விண்டோஸ் ஏறாது. ஆகவே ரம் மாற்றுவதற்கு முன்பே பயோஸ் பக்கங்களைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள்.

இந்த இடத்தில் "ஃபோர்மற் அடிச்சாச் சரி" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஃபோர்மற் செய்வது ரம் பிரச்சினைக்குத் தீர்வே அல்ல. கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். டிஸ்க் இல்லாமலும் பயோஸ் திரை வரும், ரம்மைச் சோதிக்க அது போதும். நம்பிப் பேசியவர்களின் பெயரும் முகமும் குரலும் இருக்கும் டிஸ்க்கை முன்பின் தெரியாத மேசையில் விட்டுவர முடியாது. எங்களுடைய ஊர்களில் அது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை.

கணினி இயங்கிவிட்டதோடு வேலை முடியவில்லை. பழுதான ரம் சிலவேளை இயங்கிக்கொண்டே கோப்புகளைச் சத்தமில்லாமல் பழுதாக்கும். பிரதி எடுக்கும்போது ஒலிப்பதிவின் ஒரு பகுதி சிதைந்தாலும் நமக்குத் தெரியாது. மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்ட்ரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரம் வேண்டாம். கடைக்காரர் மாற்றித் தந்த ரம்மை நான் அப்படிச் சோதித்த பிறகுதான் ஒலிப்பதிவுகளைத் திறந்தேன்.

அடுத்த நாளே இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். ஒன்று என்னிடம், மற்றது வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம். மகனின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணினி பழுதான கதையை அவரிடம் சொல்லவில்லை.