உணவும் இதயமும்

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கனகம்மாசத்திரம். வழிச்செல்வோர் தங்கி உண்ணும் இடத்தையே நம் முன்னோர் சத்திரம் என்றனர். பசித்தவருக்கு அன்னமிடுதல் அறம் என்ற கொள்கை ஊரின் பெயரிலேயே விளங்குகிறது. ஆயினும், உண்ணும் அன்னம் உடலில் என்ன மாறுதலை விளைவிக்கிறது என்பதையும் இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

மாரடைப்பு என்பது பட்டணத்துச் செல்வர்களின் நோய் என்ற எண்ணம் முன்னர் நிலவியது. இன்று அது கிராமங்களிலும் காணப்படுகிறது. 52 நாடுகளில் நடைபெற்று 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின்படி, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு ஏனையோரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே, ஐம்பத்து மூன்று வயதையொட்டி வருகிறது. பயிர்க்கடன் தீராமலும், மக்களின் படிப்பு முடியாமலும் இருக்கும் வயது அது. மாரடைப்பு அபாயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒன்பது காரணங்களால் விளைகிறது என்றும் அவ்வாய்வு கூறிற்று. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பெருவயிறு, காய்கனி குறைந்த உணவு ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை பெரும்பாலும் நம்மால் மாற்றக் கூடியவை என்பதே ஆறுதல்.

நிலத்தில் எச்சத்து குறைந்துள்ளது என்பதை மண் பரிசோதனை செய்து அறிகிறோம். பயிர் வாடும் வரை காத்திருப்பதில்லை. உடலுக்கும் அதுவே முறை. இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் கொழுப்பு பல்லாண்டுகளாகப் படிகிறது. அப்போது வலியும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. ஒருநாள் படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. ஆனால் அதற்கு நெடுநாள் முன்னரே சில அடையாளங்கள் தோன்றிவிடுகின்றன. இரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் நிலைத்திருத்தல், வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டுதல் ஆகியவை நோயின் குறிகள். சர்க்கரை 100 முதல் 125 வரை இருப்பது எச்சரிக்கை. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150-க்குக் குறைவாக இருத்தல் நலம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. இதை அளக்க ஒரு நாடாவே போதும்.

இவ்வெண்களுக்கும் உணவிற்கும் நேரான தொடர்பு உண்டு. தேவைக்கு மிஞ்சிய சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. உப்பு மிகுந்தால் உடலில் நீர் தேங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. வனஸ்பதி, பலமுறை காய்ச்சிய எண்ணெய் ஆகியவை தீய கொழுப்பைப் பெருக்குகின்றன. மாறாக, கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவற்றின் நார்ச்சத்து கொழுப்பில் ஒரு பகுதியைக் குடலிலிருந்தே வெளியேற்றுகிறது. ஏர் பிடித்து, நீர் இறைத்து உழைத்த காலத்தில் உண்ட சோற்றின் அளவையே, டிராக்டரும் மின்மோட்டாரும் வந்த பின்னரும் பலர் உண்டு வருகிறார்கள். உழைப்பு குறைந்தது; சோறு குறையவில்லை.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் ஓர் அளவை வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுவோருக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் போதும் என்கிறது. வயலில் கடுமையாக உழைப்போர் கூடுதலாக உண்ணலாம். ஆனால் சோற்றை மட்டும் கூட்டுவது முறையன்று. உப்பு எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும். விலையுயர்ந்த பண்டங்கள் தேவையில்லை. வேலியில் வளரும் முருங்கையும், நம் நிலத்தில் விளையும் நிலக்கடலையும், கொல்லைக் கீரையும் சிறந்த உணவுகளே.

இதில் பஞ்சாயத்தின் கடமை யாது? செங்கற்பட்டு மாவட்டத்துச் சூனாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில் 2006-இல் சென்னை மருத்துவ ஆய்வாளர்கள் ஊர்தி ஒன்றைக் கொண்டு சென்று, வயது வந்தோரில் பெரும்பான்மையோருக்குச் சர்க்கரை நோய்ப் பரிசோதனை செய்தனர். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனையையும் மருந்தையும் வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. ஆயினும் பணியாளர் வரும் நேரத்தில் ஆண்கள் வயலில் இருந்துவிட்டால் பயன் கிட்டாது. ஆகவே கிராம சபைக் கூட்ட நாட்களிலேயே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருடன் கலந்து, பரிசோதனை முகாம் நடத்தலாம். முப்பது வயதைக் கடந்த ஒருவரும் விடுபடாதபடி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் பார்த்துக் கொள்ளலாம். பள்ளிகளிலும் பொது நிலங்களிலும் முருங்கை, பப்பாளி நடலாம். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாமெனச் சாலையோரப் பலகாரக் கடைக்காரர்களிடம் எடுத்துரைக்கலாம்.

நோய் உள்ளவர்கள், உணவை மாற்றினோம் என்று மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் தோன்றினால், வாயுக் கோளாறு என்று வீட்டில் காலம் கழிக்காமல் 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றிற்குக் கணக்கு வைக்கும் பஞ்சாயத்துகள், இனி ஊராரின் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் ஒரு கணக்கு வைக்க முன்வர வேண்டுகிறோம்.