சாய்தளமும் ஆறு புள்ளிகளும்

1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. பின்னர் இந்த ரயில் பாதையை ஒட்டி மேலும் பல கல்லூரிகள் எழுந்தன. காலை வேளையில் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் இறங்கும் மாணவர் கூட்டத்தைப் பாருங்கள். அதில் சக்கர நாற்காலியில் வருபவர், காது மந்தமானவர், பார்வையற்றவர் ஆகியோரும் இருப்பார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்றது. இடம் கிடைத்துவிட்டது. பாடம் கிடைக்க வேண்டுமே! அதற்குச் செய்யும் உதவியை இரக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதில் பெரும் பகுதி, அளந்தும் கணக்கிட்டும் தீர்க்கக்கூடிய சிக்கலே ஆகும். சிலவற்றைக் காண்போம்.

படியும் சாய்தளமும்

கல்லூரிக் கட்டடத்தின் தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் என்று கொள்வோம். நடப்பவருக்கு அது நான்கு படி. சக்கர நாற்காலிக்கு அது சுவர். சாய்தளம் அமைத்தால் போதுமா? போதாது, சரிவு எவ்வளவு என்பதே முக்கியம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது விதி. அதாவது 7.2 மீட்டர்.

மாணவரும் நாற்காலியும் சேர்ந்து 84 கிலோ இருந்தால், உராய்வை விட்டுவிட்டுப் பார்க்க, அந்தச் சரிவில் 7 கிலோ எடையைத் தூக்கும் விசை போதும். இடம் இல்லை என்று 2.4 மீட்டரிலேயே முடித்துவிட்டாலோ அது 21 கிலோ ஆகிவிடும்! செய்யும் வேலை ஒன்றே. விசைதான் மூன்று மடங்கு. பிறர் தள்ளினால்தான் ஏற முடியும் என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

உள்ளே வந்த பின் ஆய்வுக்கூட மேசை காத்திருக்கிறது. அது நிற்பவரின் உயரத்துக்குச் செய்யப்பட்டது. கிண்டியை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யில், அமர்ந்திருப்பவரைப் பாதுகாப்பாக நிற்க வைக்கும் ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலியை உருவாக்கி 2019-இல் வெளியிட்டார்கள். ஆனால் தாழ்வான மேசை ஒன்றைத் தச்சரிடம் செய்வித்தாலும் சோதனை நடக்கும்.

கடைசி வரிசைக்கு எட்டாத குரல்

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். டெசிபல் கணக்கில் 6 குறையும். ஆசிரியரின் குரல் 1 மீட்டரில் 60 டெசிபல் என்றால், 8 மீட்டரில் 42 தான். வகுப்பறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு சற்றுக் குறையும். ஆனால் அந்த எதிரொலியே சொற்களை ஒன்றோடொன்று கலந்துவிடும்.

காதுக் கருவி இதைச் சரிசெய்யாதா? தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கித் தருகிறது. எனவே ஒலியைப் பெருக்குவதைவிடத் தூரத்தைக் குறைப்பதே வழி. ஆசிரியர் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் சிறு ஒலிவாங்கியைச் சட்டையில் பொருத்தினால், 1 மீட்டரில் கிடைப்பதைவிட 25 மடங்கு செறிவு கிடைக்கும். அதை ரேடியோ அலையாக மாணவரின் காதுக் கருவிக்கு அனுப்பலாம். வசதி இல்லையெனில் முன் வரிசை இடமும், உதட்டசைவு தெரியுமாறு மாணவரை நோக்கிப் பேசும் ஆசிரியரும் பெரிய துணை.

247 எழுத்துக்கு 63 குறிகள்

பார்வையற்றவர் விரலால் படிக்கும் புள்ளியெழுத்தை, மூன்று வயதில் பார்வை இழந்த லூயி பிரெயில் 1824-இல் தம் 15-ஆம் வயதில் உருவாக்கினார். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள். ஒவ்வொன்றும் மேடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனவே 2-ஐ ஆறு முறை பெருக்க 64 அமைப்புகள் வரும். வெற்றிடத்தை நீக்கினால் 63. புள்ளிகளுக்கிடையே தூரம் சுமார் 2.5 மில்லிமீட்டர். விரல்நுனி இரு புள்ளிகளைத் தனித்தனியே உணரும் எல்லைக்குச் சற்று மேல்!

தமிழுக்கோ 247 எழுத்துகள். 63 குறிகள் எப்படிப் போதும்? உயிரும் மெய்யும் தனித்தனியே வருவதால் போதும். அச்சில் ‘கோ’ என்று எழுதக் ககரத்தின் இருபுறமும் குறி இடுகிறோம். புள்ளியெழுத்தில் முதலில் ககரம், அடுத்து ஓகாரம். ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்தும் அமைகிறது. கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இத்தகைய நூல்களுக்குத் தனிப் பிரிவே உண்டு.

தமிழ் வரியை இப்படி எழுதிவிடலாம். சமன்பாட்டை? அச்சில் பின்னம் மேலும் கீழுமாக நிற்கிறது. அடுக்குக்குறி தலைக்கு மேல் ஏறுகிறது. விரலோ ஒரே வரியில் செல்கிறது. பார்வையற்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஆபிரகாம் நெமத் இதற்கு வழி கண்டார். பின்னம் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று அறிவிக்கும் குறிகளைக் கொண்ட அவருடைய முறை 1952-இல் வெளியாயிற்று.

வகுப்பில் பேசும்போதும் இதே சிக்கல்தான். “ஏ கூட்டல் பி, வகுத்தல் சி” என்று ஆசிரியர் சொல்கிறார். ஏ 6, பி 4, சி 2 எனில் விடை என்ன? கூட்டிய பின் வகுத்தால் 5. பி-யை மட்டும் வகுத்தால் 8. பலகையைப் பார்ப்பவருக்குக் குழப்பம் இல்லை. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே! “இதை அங்கே கொண்டு போனால் அது இப்படி ஆகும்” என்றால் எதுவுமே இல்லை. “பின்னம், மேலே ஏ கூட்டல் பி, கீழே சி, பின்னம் முடிந்தது” என்று சொல்ல ஆகும் நேரம் சில விநாடிகள்தான்.

குறிப்புகளையும் இப்படியே பாருங்கள். கணினித் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் மென்பொருளைப் பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கி இலவசமாகத் தந்துள்ளனர். ஆனால் கையெழுத்துப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் அது வெறும் படமே. தட்டச்சு செய்து அனுப்பினால் அதே பக்கம் பேசும்.

தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல்

2013-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், எழுத்தர் உதவியுடன் எழுதுவோருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுநேரம் தரச் சொல்லியிருந்தன. மூன்று மணித் தேர்வு நான்கு மணி ஆகிறது. இது சலுகையா? வினாவைக் கண்ணால் ஒரு நொடியில் திரும்பப் பார்க்கிறோம். காதால் முழுவதும் மறுபடி கேட்க வேண்டும். விடையையோ சொல் சொல்லாகச் சொல்லி எழுதுவிக்க வேண்டும். அந்த ஒரு மணி இதற்கே செலவாகிறது. 2021-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, கை எழுத ஒத்துழையாத ஒருவருக்கு 40 விழுக்காடு என்ற அளவைக் காட்டி எழுத்தரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

அறிவியல் மாணவருக்கு மற்றொரு கவலையும் உண்டு. தாமே அழைத்து வரும் எழுத்தர் தம்மைவிட ஒரு நிலை குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று 2018-இல் விதித்தார்கள். தொகையீட்டுக் குறியை அறியாத ஒருவர் அதை எப்படி எழுதுவார்? கற்ற பாடம் விடைத்தாளை அடையாமலே போகலாம். தேர்வுக்கு முன்பே இருவரும் அமர்ந்து குறிகளைப் பழகிக்கொள்வது இன்றியமையாதது.

செய்து பாருங்கள்

உங்கள் பாடநூலிலிருந்து ஒரு சமன்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். நண்பரை முதுகு காட்டி அமரச் செய்து, சொல்லால் மட்டும் அதை விளக்குங்கள். அவர் எழுதியதையும் நூலில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் பிழை வந்தது என்று குறித்துக்கொண்டு, சொற்களைத் திருத்தி மீண்டும் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகும் வரை செய்யுங்கள். அதன்பின் உங்கள் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தால், அவருக்குப் பாடம் படித்துக் காட்ட நீங்கள் ஆயத்தம்.